அறநெறிப் பரிசீலனை: விலக்கு யாருக்கு?

லண்டன் இல்ஃபோர்டில் உள்ள கிங் ஜார்ஜ் மருத்துவமனையின் தாதியரை அவர்களது பணி குறித்து ஆய்வுக்காகப் பேட்டி காண, தேசிய சுகாதார சேவையின் ஆய்வு அறநெறிக் குழுவின் பரிசீலனை பொதுவாகத் தேவையில்லை. 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி இது. அடையாளம் நீக்கப்பட்ட, ஏற்கெனவே திரட்டப்பட்ட நோயாளர் தகவல்களைப் பயன்படுத்தும் ஆய்வுகளுக்கும் விலக்கு உண்டு.

ஆனால் ஆய்வுக்காக நோயாளிகளையே அணுகுவதானால் பரிசீலனை அவசியம். சிகிச்சைக்காக மருத்துவரை நம்பியிருப்பவர் மறுக்கத் தயங்கக்கூடும் என்பது இதற்கு ஒரு காரணம்.

பிரிட்டனின் கவென்ட்ரி நகரில் 1969ஆம் ஆண்டு, தெற்காசியப் பெண்கள் 21 பேருக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்திகள் ஆய்வுக்காக வழங்கப்பட்டன. அவர்களுக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டதா என்ற சர்ச்சை 1995ஆம் ஆண்டிலேயே பகிரங்கமானது.

விலக்கு என்பது குழுவின் பரிசீலனைக்கு மாத்திரமே. பேட்டி காணப்படுபவரின் ஒப்புதலைப் பெறும் கடமைக்கு அல்ல.