வெளியே பிறந்தது, உள்ளே போனது

மனிதக் கருவுக்கு மூன்றாவது வாரம். தாய்க்கு நாள் தள்ளிப்போவதே இப்போதுதான் உறைக்கும். தட்டையாகக் கிடந்த செல் தகட்டின் மேல் ஒரு கோடு விழுகிறது. மேற்பரப்புச் செல்களில் பல அதன் வழியே உள்ளே இறங்கி, குடலின் உள்சுவராகவும் தசை, எலும்பு, இரத்தமாகவும் ஆகப்போகும் இரண்டு அடுக்குகளை அமைக்கின்றன. இறங்காமல் மேலேயே தங்கிவிட்டவைதான் புறப்படை.

தங்கியும் அது வெளியிலேயே இருந்துவிடவில்லை. நடுப்பகுதி தடித்து, பள்ளமாகி, இரு கரைகளும் எழும்பி ஒட்டிக்கொண்டு குழாயாகின்றன. குழாய் உள்ளே அமிழ்ந்து மூளையும் தண்டுவடமும் ஆகிறது. மேலே மூடிய மிச்சம் மேல்தோல், முடி, நகம். ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் குழாயின் இரு வாய்களும் மூடிவிட வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

எது மூளை, எது தோல் என்று யார் முடிவு செய்வது? ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ஹில்டே மாங்கோல்ட், வெளிர்நிற நியூட் (பல்லி போன்ற நீர்நில உயிரி) கருவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கருநிற நியூட் கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். அங்கே இரண்டாவது நரம்புக்குழாய் எழுந்தது. அதில் பெரும்பகுதி, கருநிறக் கருவின் தோலாகியிருக்க வேண்டிய சொந்தச் செல்கள். இந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்த 1924இலேயே அவர் தீக்காயத்தால் இறந்தார், வயது 25. கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்ட, அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஷ்பேமான் 1935இல் நோபல் பெற்றார்.

'மூளையாகு' என்று அந்தத் துண்டு கட்டளையிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1990களில் தவளைக் கருக்கள் அதைப் புரட்டிப்போட்டன. 'தோலாகு' என்று சொல்வது பிஎம்பி என்னும் புரதம். துண்டு சுரக்கும் நாகின், கார்டின் என்னும் புரதங்கள் அதைப் பிடித்து வாயடைக்கின்றன, அவ்வளவே. அந்தச் சொல் எட்டாத தவளைப் புறப்படை தானாகவே நரம்புப் பாதையில் போகிறது. உத்தரவு தேவைப்படுவது தோலுக்குத்தான்! எனக்கு இது இன்றும் வியப்பு.

குழாய் மூடிய விளிம்பில் இருந்த சில செல்கள் தோலிலும் சேரவில்லை, மூளையிலும் சேரவில்லை. பிரிந்து நடையைக் கட்டின. 1868இல் கோழிக்கருவில் இவற்றை முதலில் விவரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். முகத்து எலும்புகளில் பெரும்பாலானவை, அட்ரினல் சுரப்பியின் மையம், தோலின் நிறமிச் செல்கள் எல்லாம் இவற்றின் வழி வந்தவை. நிறமிச் செல்கள் முதுகுப்புறமிருந்து கிளம்புவதால் நெற்றி, வயிறு, கால்நுனி ஆகியவை தூரத்து ஊர்கள். மாட்டின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுவது பெரும்பாலும் அவை நிரப்பாமல் விட்ட இடத்தில். இவற்றில் குடல் நரம்புகளாகும் செல்கள் குடலின் கடைக்கோடி வரை போய்ச் சேராவிட்டால் அந்தப் பகுதி தளராது. மலம் இறங்காமல் பச்சைக்குழந்தையின் வயிறு வீங்கும். நரம்பில்லாத துண்டை வெட்டியெடுத்து, நரம்புள்ள குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கிறார்கள் அறுவை மருத்துவர்கள்.