வெள்ளம் வந்தால் மழைதானா? தருக்க நூலும் தலையெலும்பு நோயறிதலும்

சிறுமலைப் பக்கம் புகை தெரிந்தால், அங்கே நெருப்பு இருக்கிறது என்று பேகம்பூரில் நின்றபடியே சொல்லிவிடுகிறோம். ஆனால் மார்கழிக் காலையில் தெரிவது புகையா, பனிமூட்டமா? தருக்க நூலார் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி இது. பச்சைக் குழந்தையின் தலை கோணலாக இருப்பதைப் பார்க்கும் மருத்துவர் முன்பும் இதே கேள்விதான் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அளவை நூல்கள் சொன்னது

நாம் ஒன்றை அறியும் வழிக்குத் தமிழில் 'அளவை' என்று பெயர். சாத்தனாரின் மணிமேகலையில் 27ஆம் காதை அளவைகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் அனுமானம் மூன்று வகை: பொது, எச்சம், முதல். கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். அதாவது விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. நோயறிதல் பெரும்பாலும் இந்த எச்ச வகைதான்.

மருத்துவ நூல்களும் இதை அறிந்திருந்தன. சரக சம்கிதையின் விமானத்தானம், ஆப்தர் உரை, காட்சி, அனுமானம் என்ற மூன்றினாலும் நோயை அறியச் சொல்கிறது. நோயாளியின் உடலை வைத்தியர் நாவால் சுவைத்துப் பார்க்க முடியாது. ஈக்கள் மொய்ப்பதைக் கண்டு உடலில் இனிப்பு ஏறியிருப்பதை ஊகிக்கலாம் என்று அது உதாரணமும் தருகிறது.

ஆனால் கௌதமரின் நியாய சூத்திரம் ஒரு மறுப்பை எழுப்புகிறது. ஆற்றில் நீர் பெருகுவது அணைப்பாலும் நேரலாமே, மழை என்று எப்படிச் சொல்வது? உரைகாரர் வாத்ஸ்யாயனர் தரும் விடை அழகானது. வெறுமே நீர் உயர்ந்ததை வைத்து ஊகிக்கக் கூடாது. நீரின் வேகம், நுரை, அடித்து வரும் இலை, பழம், கட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது மழை வெள்ளம். நம் குடகனாற்றுக்கும் இது பொருந்தும்.

மண்டை ஓட்டின் விதி

குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புகள் தையல் போட்டதுபோல் கோடுகளில் சேர்ந்திருக்கும். மூளை வளர வளர அந்தக் கோடுகள் இடம் கொடுக்கும். ஒரு கோடு முன்கூட்டியே மூடிக்கொண்டால், அதற்குக் குறுக்கான திசையில் வளர்ச்சி தடைபட்டு, அதற்கு இணையான திசையில் தலை நீளும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1851ல் சொன்ன விதி இது. உச்சியில் முன்பின்னாகச் செல்லும் கோடு மூடினால் தலை படகுபோல் நீள்வது இதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டும். 'கோடு மூடினால் தலை கோணும்' என்பது சரி. 'தலை கோணியிருக்கிறது, ஆகவே கோடு மூடியிருக்கிறது' என்பது தருக்கப்படி பிழை. வேறு காரணமும் இருக்கலாம்.

மல்லாக்கப் படுத்த குழந்தைகள்

இந்தப் பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. திடீர் மரணத்தைத் தவிர்க்கக் கைக்குழந்தைகளைக் குப்புறப் போடாதீர்கள் என்று 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்தியது. மரணங்கள் குறைந்தன. ஆனால் பின்தலை தட்டையான குழந்தைகள் அதிகமாக வரத் தொடங்கினர். பின்தலைக் கோடு மூடினாலும் ஒரு பக்கம் தட்டையாகும். எது எது?

1996ல் சியாட்டில் மருத்துவர்கள் இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களை விளக்கி எழுதினார்கள். படுக்கையால் வந்ததென்றால், மேலிருந்து பார்க்கத் தலை சாய்ந்த இணைகரம்போல் இருக்கும். தட்டையான பக்கத்து நெற்றி முன்தள்ளும். கோடு மூடியதென்றால் தலை சரிவகம்போல் இருக்கும். அந்தப் பக்கத்துக் காதின் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். வாத்ஸ்யாயனரின் நுரையும் இலையும் இவைதாம்!

தவறினால் இழப்பு இரு பக்கமும் உண்டு. படுக்கும் நிலையை மாற்றினாலே தேறிவிடும் பிள்ளைக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் நடக்கும். இல்லாவிட்டால், உண்மையிலேயே கோடு மூடிய பிள்ளையை 'எண்ணெய் தேய்த்து உருட்டினால் சரியாகிவிடும்' என்று வீட்டிலேயே வைத்திருப்போம். அப்போது சில பிள்ளைகளுக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

பல் மருத்துவர் எழுதிய தருக்கம்

1959ல் ராபர்ட் லெட்லியும் லீ லஸ்டெடும் 'சயின்ஸ்' இதழில் நோயறிதலின் தருக்க அடிப்படை பற்றி எழுதினார்கள். அறிகுறிகளையும் நோய்களையும் 'உண்டு, இல்லை' என்று குறித்து, பொருந்தாதவற்றை நீக்கிக்கொண்டே போகலாம் என்று காட்டினார்கள். லெட்லி பல் மருத்துவம் படித்தவர். 1970களில் முழு உடல் சி.டி. ஸ்கேனரை உருவாக்கியவரும் அவரே.

நீக்கும் முறைக்கு ஓர் உதாரணம்: குரூசான், ஏபெர்ட் இரண்டிலும் மண்டைக் கோடுகள் மூடி, முகம் உட்குழியும். ஏபெர்ட்டில் கைகால் விரல்களும் ஒட்டியிருக்கும். விரல்கள் இயல்பாக இருந்தால் ஏபெர்ட் நீங்கிவிடுகிறது. ஆனால் மீதி இருப்பது குரூசான்தான் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. வேறு சில நோய்களும் பட்டியலில் உண்டு. தருக்கம் மட்டும் போதாது, எது எவ்வளவு சாத்தியம் என்ற கணக்கும் வேண்டும் என்று அந்தக் கட்டுரையே சொல்லியிருந்தது.

முடிவாக, தருக்கம் மருத்துவருக்கு விடையை எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. எந்த விடையை அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்கிறது. ஒரு குழந்தையின் தலை மேல் கத்தி படுமா, படாதா என்பது அதைப் பொறுத்தது என்றால், அளவை நூல்களைப் பழங்கதை என்று ஒதுக்க முடியுமா?