தள்ளிக் கட்டிய படலை: பட்டதாரிகளும் ஆங்கிலப் பரீட்சையும்

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் இருக்கிற அனெக்ஸின் சுவர் இரண்டு மாதமாக மஞ்சள் ஒட்டுத்தாளால் நிறைஞ்சு போயிருக்கு. சித்தியின் மகள், எனக்கு அக்கா முறை, கிளிநொச்சியில இருந்து வந்து எங்களோட தங்கியிருக்கிறா. வரலாற்றில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, முழுக்கத் தமிழ்மூலம். முதுகலைமாணிக்கு விண்ணப்பிக்க வேணுமெண்டால் முதலில ஒரு ஆங்கிலப் பரீட்சையைத் தாண்டவேணும். பகலில் வெள்ளவத்தையில் வகுப்பு, இரவில் சுவர். ஒரு தாளுக்கு ஒரு சொல், அதுக்குக் கீழ தமிழில் அர்த்தம். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் தாளில் 'அபாண்டன்' எண்டு எழுதியிருக்கு. கீழே: கைவிடு.

"சொல்லைப் பார்த்ததும் கொப்பியை மூடிப்போட்டுப் படுக்கலாம் போல இருந்துது தம்பி" எண்டு அக்கா சிரிச்சா.

இந்தப் பகிடி அவவுடையது மட்டும் இல்லை. சீனாவில் பட்டப்பின்படிப்புக்கான தேசிய நுழைவுப் பரீட்சை ஒன்று இருக்கிறது, 'கவோயன்' என்பார்கள். அதற்கு விற்கிற சொற்பட்டியல் புத்தகங்கள் அகரவரிசையில் தொடங்குவதால், அங்கேயும் பலருக்கு மனப்பாடமாகும் முதல் சொல் இதே 'அபாண்டன்'தான். முதல் சொல்லோடேயே கைவிட்டவர்களைப் பற்றி சீன மாணவர்கள் சலிக்காமல் பகிடி விடுகிறார்கள். அந்தப் பரீட்சை மொத்தம் 500 புள்ளி. அதில் 100 அந்நிய மொழிக்கு. பெரும்பாலானோருக்கு அது ஆங்கிலம். பாடத்திட்டம் தருகிற சொற்கள் ஏறக்குறைய 5500. நீங்கள் பழைய சீனக் கவிதையை ஆராயப் போகிறவராக இருந்தாலும், மூலிகை மருத்துவம் படிக்கப் போகிறவராக இருந்தாலும், அந்த 100இல் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் மற்றப் பாடப் புள்ளிகள் உதவாது. 2023ஆம் ஆண்டுக்கான அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் 47 இலட்சத்துக்கும் மேல்.

இதை வாசித்தபோது எனக்கு வந்த கேள்வி சீனாவைப் பற்றியதல்ல. கன்னங்கரா காலத்திலிருந்து சுயமொழிக் கல்வி எண்டு பெருமையாகக் கதைக்கிற நாட்டில், தமிழில் பட்டம் முடிச்ச ஒருத்தி இருபத்தைந்து வயதில் ஏன் 'அபாண்டன்'இலிருந்து தொடங்குகிறாள்?

கொஞ்சம் பின்னுக்குப் போவம். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். கணிதம், வானியல், தர்க்கம் எல்லாம் ஆங்கிலத்தில். கூடவே தமிழ் இலக்கியமும் இருந்தது. 1855இல் அது மூடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று வேடிக்கையானது: ஆங்கிலம் படித்த பெடியள் ஊரில் நின்று ஊழியம் செய்யாமல் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள்! இரண்டே வருடத்தில், 1857இல், புதிதாக வந்த சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியது. அதில் தேறிய முதல் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை. ஆங்கிலப் பரீட்சையில் தேறிய அந்த இரண்டாமவர் பிறகு என்ன செய்தார் எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீர்கள். ஏடுகளைத் தேடித் திரிந்து 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார்.

அதே காலத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்கிற வைத்தியர் மேற்கத்திய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ஆகவே உயர்கல்வியைத் தமிழில் தர முடியாது என்பது அப்பவே பொய். ஆனால் படலைச் சாவி வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடம் லண்டன். 1855இல் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை தொடங்கியபோது, ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு எல்லாம் சேர்த்து 1500 புள்ளி. கிரேக்கத்துக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375. தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பரீட்சை வைத்து உத்தியோகத்தருக்கு ஆள் எடுப்பது என்ற யோசனையைச் சுற்றிய அன்றைய விவாதங்களில் சீனாவின் பெயர் அடிபட்டது, ஏனெனில் பல நூற்றாண்டாக அப்படிச் செய்தது சீனாதான். (அந்தச் சீனப் பரீட்சை 1905இல் ஒழிக்கப்பட்டது. பிறகு அதே நாட்டு மாணவர் ஆங்கிலச் சொற்பட்டியலோடு குந்தியிருப்பது வரலாற்றின் குசும்பு.) இலங்கை சிவில் சேவைக்கும் இப்படி ஒரு போட்டி இருந்தது. 1875இல் அதில் தேறி உள்ளே போன முதல் இலங்கையர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழர், பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் படித்தவர். ஆங்கிலப் பரீட்சையை அவரளவுக்கு வென்ற ஆள் அப்ப இங்கு இல்லை. ஆனால் 1906இல் இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்து இயங்கியவரும் அவர்தான். எங்கட பிள்ளைகள் தாய்மொழியை மறந்து போகிறார்கள் என்ற கவலையும் அந்த வாதத்துக்குள் இருந்தது. வென்றவருக்குத்தான் பரீட்சையின் உண்மையான விலை தெரிந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

பல்கலைக்கழகம் உடனே வரவில்லை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளை. 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம், 904 மாணவரோடு. அந்த 904 பேருக்குத் தனியாக ஆங்கிலப் பரீட்சை தேவைப்படவில்லை, ஏனெனில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்காத பிள்ளை அங்கே வர வழியே இல்லை. கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிக்கூட வாசலிலேயே, ஆறு வயதிலேயே, பரீட்சை முடிந்துவிட்டது.

1945இல் இலவசக் கல்வி. பிறகு 1950களில் வகுப்பு வகுப்பாகத் தமிழும் சிங்களமும் மேலே ஏறின. 1960இலிருந்து கலைப்பீடத்துக்குத் தாய்மொழியில் படித்தவர்கள் நுழைந்தார்கள். 1960களின் நடுப்பகுதிக்குள் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. இதைச் சின்ன விஷயமாகச் சொல்லக் கூடாது. என் அம்மம்மாவின் குடும்பத்தில் யாரும் கனவிலும் நினைக்காத இடத்தில் அக்கா உட்கார்ந்து படிச்சது இதனால்தான்.

அதே சுயமொழி பிறகு எங்களுக்கு எதிராகவும் திரும்பியது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, 400க்கு எத்தனை எடுத்தால் மருத்துவபீடம் என்பது தமிழ்மூலம் எழுதியவருக்கு 250, சிங்களமூலம் எழுதியவருக்கு 229. பொறியியலுக்கு 250, 227. அதன் விளைவுகள் தனிக் கட்டுரை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லோரும் ஒரே ஆங்கிலத் தாளை எழுதிய காலத்தில் இப்படிப் பிரிக்க வழியிருக்கவில்லை. ஆங்கிலத் தாள் நீதியானது எண்டு இதுக்கு அர்த்தமில்லை. அது பெரும்பாலான பிள்ளைகளை முதலிலேயே வெளியில் நிற்பாட்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சண்டையெல்லாம் நடந்துகொண்டிருக்க, ஆங்கிலம் போகவே இல்லை. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான் தொடர்ந்தன. பேராதனையில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். அங்கே ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக்கி, ஆங்கிலம் எப்படி ஆயுதமாகிறது என்று எழுதினார். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், அதுவும் தமிழர், சிங்களப் பெடியளின் கொச்சைச் சொல்லை எடுத்து ஆராய்ந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

கலைப்பீடத்தில் ஆங்கிலம் உள்ளே இல்லாமல், படலைக்கு அப்பால் போய் நின்றது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதன் புள்ளி இசட் ஸ்கோருக்குச் சேராது. சேராத பாடத்தை யார் படிப்பார்கள்? வன்னியில் ஆங்கில ஆசிரியர் இல்லாமலே வருடம் போன வகுப்புகளைப் பற்றி அக்கா கதைகதையாகச் சொல்லுவா. பிறகு மூன்று, நான்கு வருடம் தமிழில் பட்டம். முதுகலைக்கு வந்தால் பெரும்பாலும் ஆங்கிலம். ஆறு வயதில் இருந்த படலையைக் கழற்றி இருபத்தைந்து வயதில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற முற்றம் பெரிசுதான், இல்லையெண்டில்லை. ஆனால் வீட்டுக்குள்ள போறது இப்பவும் அதே ஆக்கள்தான்.

சரி, அந்தப் பரீட்சை எதை அளக்கிறது? அக்காவின் வகுப்பில் நடப்பது இதுதான்: நான்கு தெரிவு, ஒரு வெற்றிடம். அவள் 'ஹேஸ் பீன்' போனாளா, 'ஹேட் பீன்' போனாளா? இப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கு. 1961இல் ரொபர்ட் லாடோ என்கிற அமெரிக்கர் மொழிப் பரீட்சை பற்றி எழுதிய புத்தகத்தில், மொழியைச் சிறு சிறு துண்டாக, ஒலி, இலக்கணம், சொல் என்று பிரித்துத் தனித்தனியே சோதிக்கும் முறையை வகுத்தார். 1964இல் டோஃபெல் வந்தது, அதே வழியில். துண்டுக் கேள்வியை இயந்திரம் திருத்தும், இரண்டு திருத்துநர் இரண்டு புள்ளி போடுகிற தொல்லை இல்லை. இலட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் பரீட்சை வைக்கிறவருக்கு இது வரப்பிரசாதம். மாணவருக்கு அல்ல.

பரீட்சை நடத்துகிறவர்களே இதை மெல்ல விட்டுவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. டோஃபெல் 2005இல் இணையவழி வடிவத்துக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதியைத் தூக்கியது. ஜி.ஆர்.ஈ. 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை நிறுத்தியது. சீனாவின் கவோயனிலும் இலக்கணமும் சொல்லும் தனிப் பகுதியாக இப்ப இல்லை. ஆனால் ரியூசன் கொட்டில்கள் இன்னும் பழைய நோட்ஸைத்தான் போட்டோகொப்பி எடுத்து விற்கின்றன. அக்கா பணம் கட்டிய இடம் உட்பட. பெயர் வேண்டாம்.

சீனாவில் இதற்கு எதிராக ஒரு குரல் பெரிதாகக் கேட்டது. சென் டான்சிங் என்கிற புகழ்பெற்ற ஓவியர் பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர் தேர்ந்தெடுக்க விரும்பிய மாணவர்கள் ஓவியத்தில் தேறி, ஆங்கிலத்திலும் அரசியல் தாளிலும் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 2005இல் அவரது ராஜினாமா வெளியில் தெரியவந்து நாடு முழுக்க விவாதமானது. பரீட்சை மாறவில்லை.

எங்கட நிலைமை அதுவும் இல்லை. சீனாவில் அந்த ஓவிய மாணவர் உள்ளே போனபின் படிப்பது சீன மொழியில். அக்கா உள்ளே போனால் ஆய்வேடு எழுதுவது ஆங்கிலத்தில். அவவின்ர விஷயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக் குளங்களைத் திருத்திய கதை. அரசாங்க அதிபர்மாரின் நாட்குறிப்புகளும் நிர்வாக அறிக்கைகளும் கொழும்பு சுவடிகள் திணைக்களத்தில் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. ஆகவே ஆங்கிலமே வேண்டாம் என்று கோஷம் போட என்னால் முடியாது. வாசிக்கத் தெரியாமல் அந்தக் குளத்துக்குள் இறங்க ஏலாது.

ஆனால் வாசிப்பதும் வெற்றிடம் நிரப்புவதும் வேற வேற. எங்கட திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் சொற்பட்டியல் மனப்பாடம் இருந்தது. சூடாமணி நிகண்டை அர்த்தம் விளங்க முதலே பிள்ளைகள் ஒப்புவித்தார்கள். அதில் அடியும் வாங்கியிருப்பார்கள், அதைப் பொற்காலமாக்க நான் வரேல்லை. ஆனாலும் நிகண்டுக்குப் பிறகு ஒரு செய்யுள் காத்திருந்தது. அந்தச் சொல்லைத் திரும்பச் சந்திக்க ஒரு இடம் இருந்தது. சுவரில் இருக்கிற மஞ்சள் தாளுக்குப் பிறகு பரீட்சை மண்டபம் மட்டும்தான். ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேற்றை எடுத்துக்கொண்டால், பொதுவாக இரண்டு வருடத்தில் அது காலாவதியும் ஆகிவிடும், பால்மா மாதிரி.

1913இல் கேம்பிரிட்ஜ், பிறமொழியாளருக்கான தன் முதல் ஆங்கிலப் பரீட்சையை நடத்தியது. எழுதியவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் ஃபெயில். ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலப் பரீட்சை அது, கொடுமைதான். ஆனால் அதில் மொழிபெயர்ப்பு இருந்தது, ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ, திரும்ப ஆங்கிலத்துக்கும். எழுதுகிறவருக்கு இன்னொரு மொழி இருக்கு எண்டதை அந்தப் பரீட்சைத்தாள் ஒத்துக்கொண்டது. அக்காவின் கையில் 1880களின் ஒரு அதிபர் நாட்குறிப்புப் பக்கத்தைக் கொடுத்து, இதில் என்ன நடந்திருக்கு எண்டு தமிழில் எழுதச் சொன்னால் அவ எழுதுவா. போன கிழமை மேசையில் இருந்த ஒரு நகலை வைத்து நான் கேட்டுப் பார்த்தன். அகராதியோட ஒரு மணித்தியாலம் எடுத்தா. மதகு உடைஞ்சதை அதிபர் சனத்தின்ர சோம்பேறித்தனம் எண்டு எழுதியிருக்கிறார் எண்டும், இரண்டு பக்கம் தள்ளி, கூலி குடுக்கேல்லை எண்டதையும் அவரே எழுதியிருக்கிறார் எண்டும் காட்டினா.

பரீட்சை வாற சனிக்கிழமை. இப்ப அவ 'எஸ்' எழுத்தில நிக்கிறா. மழைக்குச் சுவர் ஈரமாகி 'அபாண்டன்' தாள் ரெண்டு தரம் கழண்டு விழுந்திட்டுது. ரெண்டு தரமும் எடுத்து ஒட்டினது நான்தான்.