மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக்காரர்கள்

மலேசியாவின் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் தமிழ்ப் புத்தகங்கள் சென்னையிலிருந்துதான் வந்தன. பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, கைமாறிக் கைமாறி லயத்து வீடுகள்வரை போயின. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' அந்தக் கடல்வழியில் பல பத்தாண்டுகள் ஓடிய கப்பல். அதில் ஏறி ஊருக்குப் போன வாசகர், சென்னையில் எந்தக் கடைக்குப் போவார்? புதுப் புத்தகத்துக்கு மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் இருந்தது. பழைய புத்தகம் என்றால் மூர் மார்க்கெட்தான்.

சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் அது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியே இருந்ததால் ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் உள்ளே புகுந்துவிடுவார்கள். கிளி, நாய்க்குட்டி, கிராமபோன் தட்டு, பழைய கடிகாரம் எல்லாம் விற்றாலும் பேர் வாங்கித் தந்தவை புத்தகக் கடைகளே.

அங்கே விலை என்பது பேச்சில் முடிவாவது. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தால் போச்சு, விலை ஏறிவிடும். விவரம் தெரிந்தவர் வேண்டிய நூலைத் தொடாமல் பக்கத்தில் இருப்பதை விசாரிப்பார். கடைக்காரரும் லேசுப்பட்டவரல்ல. அட்டை கிழிந்த பிரதியைப் புரட்டியே அது எந்தப் பதிப்பு, யார் தேடி அலைகிறார் என்று சொல்லிவிடுவார். பாடநூல் வாங்க வந்த மாணவரும் அரிய பதிப்பைத் தேடும் பேராசிரியரும் ஒரே குவியலைக் கிளறினார்கள். வேறெங்கே அப்படி நடக்கும்?

ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடம் கேட்கப்பட்டிருந்த நிலையில், 1985 மே 30 அன்று மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. வியாபாரிகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

இந்த வணிகத்தைக் காயலான் சரக்கு என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகக்காரர்களிடம் தேடித் தேடி வாங்கிய அச்சுச் செல்வம், 1992இல் அவர் மறைந்தபோது ஒரு லட்சம் உருப்படிகளை நெருங்கியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்கியது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள்.