ட்யோர் நகரத்து ஆசிரியர்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் முதன்முதலாகக் கணிதக் கண்காட்சி ஒன்று நடத்தினோம். பொறுப்பு என்னுடையது. வண்ண அட்டைகளும் மரத்தாற் செய்த கன உருவங்களும் கூடத்தை நிறைத்தன; பெற்றோர் பாராட்டினர். பித்தாகரஸ் தேற்றத்தை அழகிய படமாக வரைந்து நின்ற மாணவனிடம், "இது ஏன் உண்மையாகிறது?" என்று கேட்டேன். "இதற்கு மேல் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லையே, ஐயா" என்றான். சொல்லிக் கொடுத்தவன் நானே. கண்காட்சியில் எல்லாம் இருந்தன. கணக்குப் போட்டவர் மட்டும் ஒருவரும் இல்லை.

பிறர் இதனை எவ்வாறு செய்தனர் என்று தேடிப் படித்தபோதுதான் ஹங்கேரி நாட்டின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

அந்நாட்டில் ட்யோர் என்றொரு நகரம். அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராயிருந்த தானியேல் அரானி, 1894 சனவரியில் மாணவர்க்கென்றே ஒரு கணிதத் திங்களிதழைத் தொடங்கினார். இதழில் கணக்குகள் வரும். விடை உடன் வராது. மாணவர்கள் வீட்டில் அமர்ந்து சிந்தித்து, தாம் கண்ட வழியை எழுதி அனுப்புவர். சிறந்த தீர்வு, அதனை எழுதிய மாணவரின் பெயரோடு பின்னர் அச்சேறும். தன் பெயரை அச்சிற் கண்ட சிறுவன் அடுத்த இதழுக்கு எவ்வளவு ஆவலோடு காத்திருப்பான்! 1896 முதல் 1914 வரை இதழை நடத்தியவர் லாஸ்லோ ராட்ஸ். அவரும் பள்ளி ஆசிரியரே. புடாபெஸ்டில் அவரிடம் பயின்றவர்களுள் இருவர் ஜான் வான் நாய்மனும், 1963இல் நோபல் பரிசு பெற்ற யூஜீன் விக்னரும். நாய்மனின் ஆற்றலை இளமையிலேயே கண்டு, பல்கலைக் கழகத்தாரிடம் தனிப்பாடம் பெற வழி செய்தவர் ராட்ஸ்தான்.

அதே 1894இல் லொராந்த் எட்வஷ் என்ற இயற்பியல் அறிஞர் கல்வி அமைச்சரானார். அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு, ஹங்கேரியின் கணித இயற்பியல் கழகம் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்க்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி வைத்தது. அமைச்சர் பதவி ஓராண்டுகூட நிலைக்கவில்லை; போட்டியோ, போர்க் காலங்களில் இடையறவு பட்டாலும், நிலைத்துவிட்டது. மூன்றே கணக்குகள், நான்கு மணி நேரம், புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளலாம். இவ்விதியை நான் இரண்டு முறை படித்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் விடை அகப்படாத கணக்குகள் அவை! 1898இல் வென்றவர், பின்னாளில் விமான இயலில் புகழ்பெற்ற கார்மான். ஃபூரியே தொடர்களின் ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ஃபெயேர் 1897இல் பெற்றது இரண்டாம் பரிசே.

இவ்வறிஞர்களை உருவாக்கியது போட்டிதான் என்பர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. போட்டி ஒரு நாள் நிகழ்ச்சி. இதழோ திங்கள்தோறும் வீட்டுக்கு வந்தது. முந்தியது அறுவடை என்றால் பிந்தியதே உழவு.

மறு ஆண்டு நான் அட்டைகளைக் குறைத்தேன். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே, 1894ஆம் ஆண்டுப் போட்டியின் முதற் கணக்கைப் பள்ளி வாயிற் பலகையில் எழுதினேன். இரண்டு முழு எண்களை எடுத்துக்கொள்க. முதல் எண்ணின் 2 மடங்கோடு மற்றதன் 3 மடங்கைக் கூட்டுக. பிறகு, முதல் எண்ணின் 9 மடங்கோடு மற்றதன் 5 மடங்கைக் கூட்டுக. இவ்விரு தொகைகளுள் ஒன்று 17ஆல் வகுபட்டால் மற்றதும் வகுபடும் என்று நிறுவுக.

பலர் எண்களைப் போட்டுப் பார்த்தனர். 1, 5 என்று எடுத்தால் தொகைகள் 17, 34. சரிதான், ஆயினும் நூறு எடுத்துக்காட்டுகள் ஒரு நிறுவல் ஆகா என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிலர் முகம் சுளித்தனர். மூன்றாம் வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். "முதல் தொகையை நான்கால் பெருக்கி இரண்டாவதோடு கூட்டினேன், ஐயா. 8ம் 9ம் 17, 12ம் 5ம் 17" என்றாள். கூட்டுத்தொகை எப்போதும் 17ஆல் வகுபடும். 4க்கும் 17க்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒன்று வகுபட்டால் மற்றதும் வகுபட்டே தீரும்.

அவள் பெயரைப் பலகையில் எழுதினேன். மறுநாட் காலை அதன் கீழே, அவள் கையெழுத்தில் புதிய கணக்கொன்று இருந்தது: 2 மடங்கும் 3 மடங்கும், 11 மடங்கும் 7 மடங்கும், வகுப்பது 19.