வாழைப்பழத்துக்குக் கிடைத்த பெயர்

"மாத்திரையை நிறுத்துங்க, மூணு மாசம் இதை மட்டும் சாப்பிடுங்க, குடல் சுத்தமாயிடும்." இப்படி வீடியோக்கள் கரைத்தீவில் எங்கள் போன்களுக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. சும்மா வயிற்றெரிவுக்காரர் மட்டுமல்ல, குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நாட்பட்ட குடல் அழற்சி உள்ளவர்களும் அதைப் பார்க்கிறார்கள். இந்த அறிவுரைகளில் ஒன்றுக்கு நூறு வருஷ வரலாறு இருக்கிறது.

1924இல் நியூயோர்க்கின் குழந்தை வைத்தியர் சிட்னி ஹாஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். சீலியாக் என்ற குடல் நோயால் வற்றிப்போன பிள்ளைகளுக்குப் பாண், தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, நிறைய வாழைப்பழம் கொடுத்தார். அப்படிச் சாப்பிட்ட எட்டுப் பேரும் தேறினார்கள். பிள்ளைகள் செத்துப்போய்க்கொண்டிருந்த நோய் அது. வாழைப்பழம் மருந்தென்று பெயரெடுத்ததில் ஆச்சரியமில்லை.

நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற வைத்தியருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பாண் கிடைக்கவில்லை. சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்தது, நோயும் வந்தது. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, 1950இல் தன் ஆய்வேட்டில் அதுதான் காரணம் என்று எழுதினார். அப்போ ஹாஸின் பிள்ளைகளைக் காப்பாற்றியது தட்டில் இருந்த பழமல்ல, தட்டில் இல்லாத பாண். குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி பாண் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பியது.

ஹாஸ் தன் கருத்தை மாற்றவில்லை. 1950களில் எலேன் கொட்ஷால் என்ற தாய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்த மகளை அவரிடம் கூட்டிப்போனார். மகள் தேறினாள். 1987இல் தாய் புத்தகம் எழுதினார். ஒரு நோய்க்கு வந்த பத்தியம் இப்படித்தான் வேறொரு நோய்க்குத் தாவியது. 'எஸ்சிடி டயட்' என்று இன்றைக்கும் இணையத்தில் சுற்றுவது அதுதான்.

2021இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. குரோன்ஸ் உள்ள சுமார் 190 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிடி, மறு பாதிக்குச் சாதாரண மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாடு. ஆறு வாரத்தில் எஸ்சிடியில் 46.5 வீதமானோருக்கும் மற்றதில் 43.5 வீதமானோருக்கும் அறிகுறி அடங்கியது. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரத்தத்தில் அழற்சி குறைந்தவர்கள் இரண்டு பக்கமும் மிகச் சிலரே.

கவனிக்க வேண்டியது இதைத்தான். நோவு அடங்கினாலும் உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கலாம். இந்த நோய்கள் தானாகவே கூடும், குறையும். குறைகிற நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெயர் போய்விடும்.

சாப்பாட்டில் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்குச் சில வாரம் திரவ உணவு மட்டும் கொடுப்பது வைத்தியர்களே செய்யும் சிகிச்சை. குடல் சுருங்கியவருக்கோ, எல்லாரும் நல்லதென்று சொல்லும் நார்ச்சத்தே அடைப்பை உண்டாக்கலாம். ஆகவே வீடியோவில் ஒருவர் தேறியதாகச் சொன்னால் கேட்போம்: அவருக்கு எந்த நோய்? எதை நிறுத்தினார்? மருந்தும் எடுத்தாரா? பதில் இல்லாவிட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தட்டை மாற்றுவோம்.