மஞ்சள் காய்ச்சல் சான்றிதழின் கதை

நைஜீரியா, கானா, பிரேசில் போன்ற நாடுகளுக்கு வேலைக்கோ படிப்பிற்கோ செல்பவர்கள் பாஸ்போர்ட், விசாவோடு இன்னொரு சிறிய புத்தகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதுதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சர்வதேசச் சான்றிதழ். ஒரே ஒரு ஊசிக்கு ஏன் இத்தனை கெடுபிடி? அதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் வேறு, நாம் பொதுவாகச் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு. இது கொசு மூலம் பரவும் வைரஸ் நோய். நோய் முற்றினால் கல்லீரல் பாதிக்கப்பட்டு கண்ணும் தோலும் மஞ்சளாகும். அதனால்தான் இந்தப் பெயர்.

கொசுவைக் கண்டுபிடித்தவர்கள்

1881-ல் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே இந்நோயைக் கொசுதான் பரப்புகிறது என்றார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் மருத்துவ உலகம் அதை நம்பவில்லை. 1900-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் தலைமையிலான குழு கியூபாவில் சோதனைகள் செய்து அதை நிரூபித்தது. அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி லேசியர் அதே நோய்க்குப் பலியானார். அவருக்கு வயது 34 தான்.

அசிபியின் ரத்தம்

1927-ல் இன்றைய கானா நாட்டில் அசிபி என்ற நோயாளியின் ரத்தத்தை ரீசஸ் குரங்கிற்குச் செலுத்தி வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். குரங்கு இறந்தது, அசிபி பிழைத்துக்கொண்டார். ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டிலும், ஹிதேயோ நோகுச்சி, வில்லியம் யங் ஆகியோர் 1928-லும் இந்நோயால் இறந்தனர்.

அசிபியிடமிருந்து கிடைத்த அதே வைரஸை ஆய்வகத்தில் பலமுறை வளர்த்து வீரியம் குறைத்து, 1937-ல் 17டி என்ற தடுப்பூசியை உருவாக்கினார் மேக்ஸ் தைலர். 1951-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் போடப்படுவது அந்தத் தடுப்பூசியின் வழிவந்ததுதான்.

வெற்றிக்கு நடுவே ஒரு சோகமும் உண்டு. 1942-ல் அமெரிக்க ராணுவத்தினருக்குப் போட்ட இந்த ஊசியில் சேர்க்கப்பட்ட மனித ரத்த சீரத்தில் கல்லீரல் அழற்சிக் கிருமி இருந்ததால் பல்லாயிரம் வீரர்கள் நோயுற்றனர். அதன்பின் சீரம் இல்லாமலேயே தயாரித்தார்கள்.

இந்தியாவின் பயம்

கப்பல் காலத்தில் பயணம் பல வாரங்கள் நீடிக்கும். நோய் இருந்தால் வழியிலேயே தெரிந்துவிடும். கொசு கடித்து 3 முதல் 6 நாட்களில் தான் காய்ச்சல் தொடங்கும், விமானமோ சில மணி நேரத்தில் வந்துவிடும். இதனால் 1933-ல் விமானப் பயணத்திற்கென்றே சர்வதேச சுகாதார ஒப்பந்தம் உருவானது. 1951-ல் உலக சுகாதார நிறுவனம் பொதுவான விதிகளைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் இதுவரை மஞ்சள் காய்ச்சல் பரவியதில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே இதையும் பரப்பும். அந்தக் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. நோயைத் தாங்காத ரீசஸ் குரங்குகளும் இந்தியாவில் ஏராளம். மக்களிடமும் எதிர்ப்பு சக்தி இல்லை. வைரஸ் மட்டும்தான் இல்லை! இது வீண் பயமும் அல்ல. 2016-ல் அங்கோலாவிலிருந்து சீனா திரும்பிய 11 பேருக்கு இந்நோய் இருந்தது. நல்லவேளையாக அது அங்கே பரவவில்லை.

அதனால்தான் நோயுள்ள நாட்டிலிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வருபவர்களைத் தனிமைப்படுத்தும் விதி உள்ளது.

பயணம் செய்பவர்கள் கவனத்திற்கு

ஊசி போட்டு 10 நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும். எனவே கடைசி நேரத்தில் ஓடுவதில் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மருந்து கோழி முட்டைக் கருவில் தயாராகிறது. முன்பு 10 ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியான சான்றிதழ், 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுவதும் செல்லும்.

இந்த ஊசி போகிறவரை மட்டும் காப்பதில்லை. அவர் திரும்பி வரும்போது வீட்டில் காத்திருப்பவர்களையும் சேர்த்தே காக்கிறது.